செப்டம்பரில் இருபது, டிசம்பரில் இருபது

பெஹாலா, கொல்கத்தா
14 டிசம்பர் 2008

சேஷாத்ரி,

மேலே 'அன்புள்ள' என்று எழுதி அடித்திருப்பது தெரியும். தாளை மாற்ற எனக்குப் பொறுமை இல்லை.

புதன்கிழமை போனில் நான் சொல்ல ஆரம்பித்ததுமே வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு எடுக்கவும் இல்லை. மெயிலில் இதை எழுத முடியாது. லேப் மெயிலை நம் கைடு ஸார் திறந்து பார்ப்பார். உன் கம்பெனி மெயிலை யார் யார் பார்ப்பார்களோ. ஆகவே தபால். கல்யாணமாகிப் பத்து மாதத்தில் புருஷனுக்கு எழுதும் முதல் கடிதத்தில் பன்றித் தோலைப் பற்றி எழுதுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். பிறகு எனக்குச் சரியாகச் சொல்லவில்லை என்று நீ தப்பித்துக்கொள்ளக் கூடாது.

திங்கட்கிழமை காலை லேபுக்குச் சீக்கிரம் போய்விட்டேன். தினமும் லேபைத் திறந்து கூட்டிவைக்கிற நம் ஹராதன்தா ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் தட்டு. தட்டில் நான் சனிக்கிழமை எண்டாலி மார்க்கெட்டிலிருந்து வாங்கி வந்த பன்றிக் காதுத் தோல், துண்டு துண்டாக. ஒவ்வொரு துண்டாக எடுத்து ஆன்டிசெப்டிக் கிரீமைத் தடவிக்கொண்டிருந்தார். இந்த ஊரில் உதடு, குதிகால், பேனாக்கத்தி கீறியது எல்லாவற்றுக்கும் தடவுவார்களே, அதே பச்சை ட்யூப். குழந்தைக்குத் தடவுவது மாதிரி அவ்வளவு பதமாகத் தடவினார்.

"என்ன பண்றீங்க?" என்று கத்தினேன். தமிழில்தான் வந்தது. அவர் நிதானமாக, "ஷீத்கால் தோ, திதி. சாம்டா ஃபேட்டே ஜாபே" என்றார். குளிர்காலமாயிற்றே, தோல் வெடித்துவிடாதா என்று என்னையே கேட்கிறார். போன குளிர்காலத்திலும் இப்படித்தான் செய்தீர்களா என்றேன். பின்னே, வருஷா வருஷம் செய்வதுதானே என்றார்.

அன்று மாலை வீட்டில் அழுதேன். அப்பாவுக்கு விஷயத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. ரயில்வே கணக்கு ஆபீஸில் முப்பது வருஷம் இருந்தவருக்கு நுண்ணூசியை எப்படிச் சொல்வது? தபால்தலை அளவு ஒட்டு, அதில் நானூறு ஊசி, ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர்கூட இல்லை, தோலில் ஒட்டினால் வலிக்காமல் மருந்து இறங்கும் என்றேன். ஆனால் ஊசி போட்ட நானூறு ஓட்டை வழியாகக் கிருமியும் இறங்கலாம். அதைக் கொல்லத்தான் நானும் நீயும் ஊசிமேல் ஒரு பூச்சு கண்டுபிடித்தோம், வெள்ளியும் இறால் ஓட்டுப் பொடியும் கலந்தது என்றேன். "பன்னிக்காது போறாதுன்னு எறா ஓடு வேறயா? வைஷ்ணவா ஆத்துப் பொண்ணு பண்ற காரியம்" என்றார். பிறகு, "சரி, கிருமி செத்துதா இல்லையா?" என்று கேட்டார்.

அதுதான் கேள்வி. பூச்சில்லாத ஊசியை இருபது துண்டில் 2007 செப்டம்பரில் குத்திப் பார்த்தோம். இருபதிலும் கிருமி உள்ளே போயிருந்தது. அப்புறம் பூஜா லீவு. பூச்சுள்ள ஊசியை டிசம்பரில் இருபது துண்டில் குத்தினோம். ஒன்றில்கூடக் கிருமி இல்லை. நம் பேப்பரே அந்த இருபதும் இந்த இருபதும்தான். செப்டம்பரில் யாரும் கிரீம் தடவவில்லை, சேஷாத்ரி. டிசம்பரில் தடவினார்கள்.

மார்ச் இரண்டாம் தேதி உன் கம்பெனி நாற்பது சர்க்கரை நோயாளிகளின் கையில் அந்த ஊசியை ஒட்டப்போகிறது, நம் பேப்பரை நம்பி. நீ அங்கே சொல்ல வேண்டும். பத்திரிகைக்கும் நாம் இரண்டு பேரும் எழுதிப் பேப்பரைத் திரும்பப் பெற வேண்டும்.

மதுவந்தி


பெங்களூர்
23 டிசம்பர் 2008

மது,

முதலில், போனை நான் வைக்கவில்லை. பேலன்ஸ் தீர்ந்துவிட்டது. அடுத்த நாள் நீ கூப்பிட்டபோது மீட்டிங்கில் இருந்தேன். அதற்கடுத்த நாள் எடுக்காததற்குக் காரணம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பதறாமல் யோசித்துப் பார். ஹராதன்தா எல்லாத் துண்டுக்கும் தடவினாரா, சிலவற்றுக்கா? அவருக்கே நினைவிருக்காது. துண்டுகளை நாம் சலைனில் கழுவித்தான் எடுத்தோம். கிரீம் எவ்வளவு தங்கியிருக்கும்? வெள்ளி கிருமியைக் கொல்லும் என்பது நாம் கண்டுபிடித்த விஷயம் இல்லையே, உலகத்துக்கே தெரியும். பூச்சு வேலை செய்யாது என்று நீ எதை வைத்துச் சொல்கிறாய்? ஒரு கிழவர் கையில் ட்யூபைப் பார்த்ததை வைத்து.

இங்கே கம்பெனி கண்ணை மூடிக்கொண்டு யார் கையிலும் எதையும் ஒட்டிவிடாது. ஒவ்வொரு ஒட்டும் உறைக்குள் கிருமியில்லாமல் இருக்கிறதா என்று தனியாகப் பார்க்கிறார்கள். என் மேலதிகாரி வெங்கட்ராமன் இதில் மகா கறார். சட்டைக் கையை மடித்துவிட்டு லேபுக்குள் போனால்கூட அனுப்பிவிடுவார்.

எனக்கு வேலை நிரந்தரமாவது மார்ச் கடைசியில். அவர்கள் என்னை எடுத்ததே அந்த ஒரு பேப்பருக்காக. ஏப்ரல் வரை பொறுத்துக்கொள் என்றுதான் கேட்கிறேன். உன் தீசிஸும் அதற்குள் உள்ளே போய்விடும். ஹராதன்தாவுக்கு மே மாதம் ரிட்டயர்மென்ட். இப்போது இதைக் கிளப்பினால் ஸார் யாரைப் பிடிப்பார் என்று உனக்குத் தெரியாதா?

இங்கே சாப்பாடு பரவாயில்லை. சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள். உன் அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

சேஷாத்ரி


பெஹாலா
3 ஜனவரி 2009

சேஷாத்ரி,

எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்டாய். இதோ.

நாற்பது துண்டு எடுத்தேன். ஹராதன்தாவை ஃப்ரிட்ஜ் பக்கமே வரவிடவில்லை. புதுவருஷத்தன்று லேபில் நான் மட்டும்தான் இருந்தேன். கிரீமும் இல்லை, பூச்சும் இல்லை என்ற பத்துத் துண்டில் பத்திலும் கிருமி வளர்ந்தது. கிரீம் இல்லாமல் நம் பூச்சு மட்டும் இருந்த பத்தில் ஏழில் வளர்ந்தது. கிரீம் தடவி, பூச்சே இல்லாத வெறும் ஊசியைக் குத்திய பத்தில் ஒன்றில்கூட இல்லை. இரண்டும் இருந்த பத்திலும் இல்லை. துண்டுகள் எல்லாவற்றையும் நீ சொன்ன அதே சலைனில் கழுவித்தான் எடுத்தேன்.

கடைத்தெருவில் கிடைக்கிற கிரீம் செய்த வேலைக்கு நாம் பேர் வாங்கியிருக்கிறோம்.

வெள்ளி கொல்லும், சரி. நம் பூச்சில் அது போதுமான அளவு வெளியே வரவில்லை என்றுதான் தோன்றுகிறது. அதைச் சரிசெய்ய ஒரு வருஷம் ஆகலாம், இரண்டு ஆகலாம். அது வேறு விஷயம். உன் கம்பெனி உறைக்குள் கிருமி இருக்கிறதா என்று பார்க்கிறது. நல்லது. உறையைப் பிரித்து நோயாளி கையில் ஒருநாள் முழுக்க ஒட்டிய பிறகு அவர் தோலிலேயே இருக்கிற கிருமி உள்ளே போகுமா என்று யார் பார்த்தார்கள்? நாம் பார்த்தோம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஹராதன்தாவைப் பற்றி நீ எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. அவர்மேல் இரக்கப்படுகிற மாதிரி அவர் முதுகுக்குப் பின்னால் நிற்கிறாய். அவர் செய்தது தப்பே இல்லை. தோலில் எதுவும் தடவக் கூடாது என்று அவரிடம் நாம் ஒருநாளும் சொன்னதில்லை. தப்பு நம்முடையது. டிசம்பரில் பூச்சுள்ள இருபதோடு பூச்சில்லாத இருபதையும் மறுபடி செய்திருந்தால் அன்றைக்கே குட்டு வெளிப்பட்டிருக்கும். "செப்டம்பர்லயே பண்ணியாச்சே, இன்னொரு தடவை அந்த நாத்தம் எதுக்கு?" என்று நீ சொன்னாய். நானும் சரி என்றேன். அதற்கான ஊசிகளைப் பூஜா லீவு முடிந்து லேப் திறந்த அந்த இரண்டு வாரத்தில் செய்து வைத்திருக்கலாம். நாம் என்ன செய்தோம் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். படகில் போனோம், பழைய புத்தகக்கடையில் நின்றோம், அப்பாவிடம் யார் முதலில் சொல்வது என்று சண்டை போட்டோம். அந்த இரண்டு வாரத்தை நான் எதற்கும் விட்டுத்தர மாட்டேன். ஆனால் கன்ட்ரோலை, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய அந்தப் பூச்சில்லாத இருபதை, அப்போதுதான் விட்டோம்.

பத்திரிகைக்கு அனுப்ப ஒரு வரைவு இத்துடன் வைத்திருக்கிறேன். ஹராதன்தா பெயர் அதில் இல்லை. படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

மதுவந்தி


பெங்களூர்
16 ஜனவரி 2009

மது,

கையெழுத்துப் போடவில்லை. வரைவு என்னிடமே இருக்கிறது.

பொங்கலன்று கூப்பிடுவாய் என்று நினைத்தேன். ஹோட்டலில் சர்க்கரைப் பொங்கல் வாங்கி வந்து நின்றபடியே சாப்பிட்டேன். அதைச் சொல்லி உன் மனதை மாற்றப் பார்க்கவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

நீ தனியாக, யாருக்கும் சொல்லாமல், ஒரே ஒரு தடவை செய்த சோதனை இது. அதை வைத்து இரண்டு பேருடைய ஐந்து வருஷத்தைக் கிழித்துப் போடச் சொல்கிறாய். உனக்கு வீடு இருக்கிறது, அப்பா அம்மா இருக்கிறார்கள். நான் திருநெல்வேலியிலிருந்து ஒரு பெட்டியோடு வந்தவன். எனக்கு இருந்தது அந்த ஒரு பேப்பர்தான். 'நாம், நாம்' என்று நீ எழுதுவது படிக்க நன்றாக இருக்கிறது. வேலை போகும்போது நான் மட்டும்தான் போவேன்.

ஒன்று கேட்கிறேன். 2007 டிசம்பரில், அந்தத் துண்டுகளைக் கையாண்டபோது உனக்கு எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லையா? தெரியவில்லை என்றால் விடு.

சேஷாத்ரி


பெஹாலா
27 ஜனவரி 2009

சேஷாத்ரி,

எனக்கு எதுவும் தெரியவில்லை. துண்டுகளைச் சட்டத்தில் பொருத்தியது நீ, நான் தட்டில் கிருமியை எண்ணினேன். இப்போது அதை எதற்குக் கேட்கிறாய் என்று புரியவில்லை.

ஸாரிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் செய்தேன் என்று நீ எழுதியது உறைத்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து, "முதலில் தீசிஸைச் சமர்ப்பி, அப்புறம் பார்க்கலாம்" என்றார். உன் யோசனையும் அவர் யோசனையும் ஒன்றாக இருப்பது உனக்குச் சந்தோஷமாக இருக்கும். எனக்கு இல்லை. அந்த அத்தியாயத்தைத் தீசிஸிலிருந்து எடுத்துவிட்டேன். இன்னும் ஒரு வருஷம் ஆகும். ஆகட்டும். நீ மட்டும் போகவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

நாற்பது பேர் என்று நான் எழுதும்போது நீ அதை ஓர் எண்ணாகப் படிக்கிறாயோ என்று சந்தேகம். அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பது உனக்குத் தெரியும். நீ பெங்களூர் போன வாரம் அவருக்குப் புதுச் செருப்பு கடித்தது. அரிசி அளவு புண். அது ஆற ஏழு வாரம் ஆனது. ஐந்தாவது வாரம் டாக்டர் விரலை எடுக்க வேண்டி வரலாம் என்றார். உன்னைக் கவலைப்படுத்த வேண்டாம், சொல்லாதே என்று அப்பா சொல்லிவிட்டார். "மாப்ளை புது வேலையில சேர்ந்திருக்கார், இதெல்லாம் எதுக்கு அவருக்கு?" அந்த மாதிரி நாற்பது பேர். ஒவ்வொருவர் கையிலும் நானூறு ஓட்டை.

பிப்ரவரி இருபது வரை பார்ப்பேன். அதற்குள் நீ சொல்லவில்லை என்றால் வெங்கட்ராமனுக்கு நானே எழுதுவேன். பத்திரிகைக்கும் என் கையெழுத்தோடு மட்டும் போகும். இதை மிரட்டல் என்று எடுத்துக்கொண்டால் அப்படியே எடுத்துக்கொள். எனக்கு உன்மேல் இவ்வளவு கோபம் வரும் என்று நானே நினைத்ததில்லை.

மதுவந்தி


பெங்களூர்
11 பிப்ரவரி 2009

மது,

மாமா காலைப் பற்றி எனக்குத் தெரியாது. உன் கடிதம் வந்த அன்று அவருக்குப் போன் செய்தேன். "ஆறிப்போச்சு மாப்ளை, அவ ஏன் சொன்னா?" என்றார். ரொம்ப நேரம் கிரிக்கெட் பேசினார். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

இங்கேயும் தோல் கிடைத்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை, ஒவ்வொரு தடவையும் பூச்சில்லாதது பத்து, பூச்சுள்ளது பத்து. பூச்சில்லாத முப்பதிலும் வளர்ந்தது. பூச்சுள்ள முப்பதில் இருபத்திரண்டில் வளர்ந்தது. நீ செய்தது சரி.

திங்கட்கிழமை வெங்கட்ராமன் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் கத்தவில்லை. தட்டுகளைக் கொண்டுவரச் சொல்லி ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மார்ச் ரெண்டு கிடையாது" என்றார். அன்று மாலையே எல்லா ஆஸ்பத்திரிக்கும் ஃபேக்ஸ் போய்விட்டது. நாற்பது பேருக்கும் ஒன்றும் இல்லை. என் வேலை இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அதை அவர் சொல்லச் சங்கடப்பட்டார், நானே சொன்னேன்.

இவ்வளவும் எழுதினால் நல்லவன் மாதிரி இருக்கிறது. மீதியையும் எழுத வேண்டும்.

2007 டிசம்பர் ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை. நீ அத்தை வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தாய். துண்டுகளை எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். கதவுப் பக்கத் தட்டில் பச்சை ட்யூப் இருந்தது, மூடி சரியாக மூடாமல். தோல் துண்டுகள் பளபளவென்று இருந்தன. ஒன்றை விரலால் தொட்டுப் பார்த்தேன். பிசுக்கு. மோந்தும் பார்த்தேன். ஹராதன்தா பக்கத்து அறையில் டீ போட்டுக்கொண்டிருந்தார். நான்கு அடி போய்க் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்டால் தெரிந்துவிடும் என்பதால் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஸாருக்கு முடிவைக் காட்ட வேண்டும். அது வந்தால்தான் பேப்பர், பேப்பர் வந்தால்தான் வேலை, வேலை கிடைத்தால்தான் உன் அப்பாவிடம் தைரியமாகப் போய் நிற்க முடியும். இப்படி ஒரு கணக்குப் போட்டேன். துண்டுகளைச் சலைனில் இன்னொரு தடவை அலசினேன். அதுவே போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தட்டு எல்லாம் சுத்தமாக வந்தபோது நீ என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாய். அப்போது சொல்லியிருக்க வேண்டும்.

நீ 'நாம்' என்று எழுதிய ஒவ்வொரு இடத்திலும் கடிதத்தை மடித்து வைத்தேன். கோபமாகப் பதில் எழுதினேன். நீ தெரியாமல் விட்டாய். நான் தெரிந்தே விட்டேன்.

வரைவில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: "சோதனையின்போதே தோலில் வேறு பொருள் இருப்பதை எங்களில் ஒருவர் கவனித்திருந்தும் வெளியிடவில்லை." இந்த வரி வேண்டாம் என்று நினைத்தால் அடித்துவிடு. வேண்டும் என்றால் அப்படியே அனுப்பு.

இதற்கு மேல் என்னிடம் சொல்லாமல் விட்டது எதுவும் இல்லை.

சேஷாத்ரி


பெஹாலா
20 பிப்ரவரி 2009

சேஷாத்ரி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மூன்று நாளும் லேபிலிருந்து வந்ததும் படுத்துவிட்டேன். அம்மா காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

வேலை போனதற்கு வருத்தப்படுகிறேன். நிஜமாகவே. நாற்பது பேர் தப்பித்தார்கள், அதற்கு நீதான் காரணம், அதையும் மறக்க மாட்டேன். ஆனால் அன்றைக்கு உன் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தேன் பார், அதை நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது. என் கையில் இருந்த உன் கைக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. சோதனை பொய்யானதைவிட எனக்கு இதுதான் வலிக்கிறது. இத்தனை மாதம் என் பக்கத்தில் இருந்துகொண்டு இதை எப்படி வைத்திருந்தாய்? என் அப்பாவிடம் வந்து நிற்க ஒரு பேப்பர் வேண்டும் என்று உனக்கு யார் சொன்னது? அவர் உன்னிடம் கேட்டதெல்லாம் உனக்குத் தயிர் சாதம் பிடிக்குமா என்றுதானே.

ஹராதன்தா மட்டும் என்ன ஆயிற்று என்று தினமும் கேட்கிறார். தோலில் எதுவும் தடவ வேண்டாம், அதுதான் விதி, சொல்லாதது எங்கள் தப்பு என்றேன். "அப்போ வெடிச்சா?" என்று கவலைப்பட்டார். வெடித்தால் வேறு வாங்கலாம் என்று சொல்லிவைத்தேன்.

இனி அந்த வரி. அதை அடிக்கவில்லை. ஆனால் 'எங்களில் ஒருவர்' என்று அனுப்ப எனக்குச் சம்மதம் இல்லை. படிக்கிறவன் எங்கள் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்ப்பான். ஸார் என்னைப் பார்ப்பார், அப்புறம் ஹராதன்தாவைப் பார்ப்பார். ஒருவர் என்றால் அவருக்கு ஒரு பெயர் உண்டு. ஆகவே அந்த இரண்டு சொல்லையும் அடித்துவிட்டு அதன்மேல் உன் பெயரை எழுதியிருக்கிறேன், இனிஷியலோடு. உன் முழுப்பெயரை நான் கடைசியாகக் கையால் எழுதியது நம் கல்யாணத்தைப் பதிவு செய்த படிவத்தில். அன்று வேகமாக எழுதிவிட்டேன். இன்று அதே பெயரை எழுதிமுடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று.

வரைவைப் பத்திரிகைக்கு அனுப்பவில்லை. உனக்கே திருப்பி அனுப்புகிறேன். திருத்தத்துக்குப் பக்கத்தில் நீ கையெழுத்துப் போட்டால்தான் அது போகும். நான் எழுதி நீ மாட்டிக்கொண்டதாக இருக்கக் கூடாது. போட்டு, நீயே அனுப்பு.

மாதக் கடைசியில் வேலை முடிகிறது என்று எழுதியிருக்கிறாய். அதற்குப் பிறகு எங்கே போவாய் என்று எழுதவில்லை. எனக்குக் கோபம் போகவில்லை. எப்போது போகும் என்றும் தெரியவில்லை. அது போகிறவரைக்கும் நீ அங்கேயே இரு என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அனுப்பிவிட்டு, வா.

மதுவந்தி